பதிவேட்டில் ஒரே ஓர் இடம்: டொமைன் பெயர்களும் வணிகக் குறிகளும்

வணிகக் குறிச் சட்டம், அதாவது ஒரு வணிகர் தம் சரக்கைப் பிறர் சரக்கிலிருந்து பிரித்துக் காட்டப் பயன்படுத்தும் பெயரையும் சின்னத்தையும் காக்கும் சட்டம், எந்த நாட்டிலும் ஒரு சொல்லை ஒருவருக்கே முழுமையாக எழுதிக் கொடுத்ததில்லை. அது தரும் உரிமைக்கு நாட்டின் எல்லை ஒன்று, சரக்கின் எல்லை மற்றொன்று என இரண்டு வரம்புகள் உண்டு. 1957-இல் நீஸ் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையின் வழிவந்த வகைப்பாடு இன்று சரக்குகளையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு வகுப்பில் ஒருவருக்கு உரியதான பெயரை வேறொரு வகுப்பில் இன்னொருவர் முறையாகவே பதிந்துகொள்ள முடியும். அமெரிக்காவில் டெல்டா என்ற பெயரில் ஒரு விமான நிறுவனமும் தண்ணீர்க் குழாய் செய்யும் நிறுவனமும் ஒன்றையொன்று இடிக்காமல் பல்லாண்டுகளாகத் தொழில் நடத்தி வந்ததற்குக் காரணம், குழாய் வாங்க வருபவர் விமானச் சீட்டு வாங்குகிறோமென்று மயங்க வழியில்லை என்பதுதான். இணையத்தின் பெயர்ப் பதிவேடு இந்த ஏற்பாட்டை அறியாதது. அதில் டெல்டா.காம் என்ற பெயர் உலகம் முழுவதற்கும் சேர்த்து ஒருமுறைதான் இடம்பெற முடியும். பலர் ஒன்றாக வாழ இடம்விடும் ஒரு பழைய சட்டத்தை, ஒருவருக்கு மட்டுமே இடமுள்ள ஒரு புதிய பட்டியலின் மேல் பொருத்தப் பார்த்த முயற்சியே டொமைன் பெயர்ப் பூசல்களின் வரலாறு. அந்தப் பொருத்தத்தைச் செய்துமுடித்தவர்கள் பெரும்பாலும் சட்டமன்றங்களோ நீதிமன்றங்களோ அல்லர், வழக்குக்கு அஞ்சிய பதிவு நிறுவனங்களும் அவற்றின் ஒப்பந்தப் படிவங்களுமே.

இணையத்துக்கு முன்னோடியான அர்பாநெட் வலையமைப்பில் கணினிகள் சில நூறாக இருந்த காலத்தில், அவற்றின் பெயர்களும் எண்முகவரிகளும் ஒரே கோப்பில் எழுதப்பட்டு, கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இருந்த எஸ்.ஆர்.ஐ. ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபெய்ன்லர் தலைமையிலான குழுவால் பராமரிக்கப்பட்டன. கணினிகள் பெருகிய போது அந்தக் கோப்பு தாக்குப்பிடிக்கவில்லை. 1983-இல் பால் மாகபெட்ரிஸ் வகுத்த டொமைன் பெயர் முறை, பெயர்களைக் கிளைகிளையாகப் பிரித்து, ஒவ்வொரு கிளையின் பொறுப்பையும் வெவ்வேறு கணினிகளிடம் ஒப்படைத்தது. அடுத்த ஆண்டு காம், எடு, கவ், மில், ஆர்க் என்னும் மேல்நிலைக் கிளைகள் வரையறுக்கப்பட்டன. 1985 மார்ச் 15 அன்று சிம்பாலிக்ஸ்.காம் என்பது முதல் .காம் பெயராகப் பதிவானது. பெயர்களை நிறுவனங்களின் இயல்புக்கேற்ப அடுக்கிவைக்க நினைத்த அந்தப் பொறியாளர்கள் வணிகக் குறியைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை, கவலைப்பட வேண்டிய காரணமும் அப்போது இல்லை.

பெயர் யாருக்கு என்ற கேள்வி எழத் தொடங்கிய பின், எண்களையும் பெயர்களையும் ஒதுக்கும் பணியை மேற்பார்த்துவந்த ஜான் போஸ்டல் 1994 மார்ச்சில் வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 1591 என்னும் ஆவணம் அதற்கு ஒரு சுருக்கமான விடை சொன்னது. டொமைன் பெயரைப் பதிவதால் வணிகக் குறி உரிமை எதுவும் வந்துவிடாது என்றும், இருவரிடையே பூசல் எழுந்தால் இரு தரப்புக்கும் மற்றவரின் தொடர்பு விவரத்தைத் தருவதைத் தவிரப் பதிவு அமைப்புக்கு வேறு பொறுப்பு இல்லை என்றும் அது கூறியது. முதலில் வந்தவருக்கு முதலில் என்ற முறைப்படி பெயரைக் கொடுத்துவிட்டு, சண்டை வந்தால் நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒதுங்கிய அந்த நிலைப்பாட்டில் ஒரு தெளிவு இருந்தது. அது ஒன்றரை ஆண்டுகூட நிலைக்கவில்லை.

அந்தக் காலத்தில் நடந்தவை இன்று படிப்பவருக்கு வேடிக்கையாகவே தோன்றும். வயர்ட் இதழின் 1994 அக்டோபர் இதழில் எழுதிய ஜோஷுவா குவிட்னர் என்ற பத்திரிகையாளர், அமெரிக்காவின் மிகப்பெரிய 500 நிறுவனங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தம் பெயரை இன்னும் பதிந்துகொள்ளவில்லை என்று காட்டினார். மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்தை அவரே அழைத்து எச்சரித்தும் அங்கு யாருக்கும் விஷயம் பிடிபடாததால், மெக்டொனால்ட்ஸ்.காம் பெயரைத் தம் பெயரிலேயே பதிந்து, அதை என்ன செய்யலாம் என்று வாசகரைக் கேட்டார். பின்னர் அந்நிறுவனம் நியூயார்க் நகரப் பள்ளி ஒன்றுக்கு இணைய வசதிக்காகப் பணம் தர, பெயர் கைமாறியது. கல்லூரி நுழைவுத் தேர்வுகளுக்குப் பயிற்சி தரும் பிரின்ஸ்டன் ரிவ்யூ நிறுவனம் தன் போட்டியாளரான காப்லானின் பெயரில் காப்லான்.காம் தளத்தைத் தொடங்கி அதிலேயே காப்லானை இகழ்ந்தது. ஒரு பெட்டி பீர் தந்தால் பெயரைத் தருகிறோம் என்று அது சொன்னதைக் காப்லான் மறுத்து நடுவரிடம் சென்று பெயரை மீட்டது. எம்.டி.வி. தொலைக்காட்சியில் நிகழ்ச்சி நடத்திவந்த ஆடம் கரி, நிறுவனம் அக்கறை காட்டாத நாளில் எம்டிவி.காம் பெயரைப் பதிந்து தளம் நடத்தினார். வேலையை விட்ட பின் நிறுவனம் அவர் மீது 1994-இல் வழக்குத் தொடர, அது சமரசத்தில் முடிந்தது. இந்த மூன்று கதைகளிலும் பெரிய நிறுவனங்கள் தூங்கிவிட்டு விழித்தவை என்பதும், விழித்ததும் அவற்றுக்கு உடனடி ஆயுதம் தேவைப்பட்டது என்பதும் கவனிக்கத்தக்கவை.

ஆயுதம் எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. .காம் முதலிய பெயர்களைப் பதியும் பணியை அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் ஒப்பந்தப்படி 1993 முதல் செய்துவந்தது நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற தனியார் நிறுவனம். 1994-இன் இறுதியில் நாலெட்ஜ்நெட் என்ற பெயருக்கான வழக்கில், பெயரை வைத்திருந்தவரோடு சேர்த்து, அதைப் பதிந்து கொடுத்த குற்றத்துக்காக இந்த நிறுவனமும் பிரதிவாதியாக்கப்பட்டது. மின்னஞ்சலில் வரும் விண்ணப்பங்களை வரிசைப்படி பதிந்துவந்த ஒரு சிறு அலுவலகத்துக்கு, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வழக்கு வரக்கூடும் என்பது பேரச்சமாக இருந்திருக்க வேண்டும். 1995 ஜூலையில் அது வெளியிட்ட பூசல் தீர்வுக் கொள்கை அந்த அச்சத்தின் விளைவு. அதன்படி, ஒரு டொமைன் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்த வணிகக் குறிப் பதிவுச் சான்றிதழை யாரேனும் கொண்டுவந்து காட்டினால், பெயரை வைத்திருப்பவருக்கு 30 நாள் கெடு தரப்படும். அதற்குள் அவரும் தம் பெயரில் ஒரு சான்றிதழைக் காட்டாவிட்டால் அல்லது தாம் முந்தியவர் என்று நிறுவாவிட்டால், பெயர் இருவருக்கும் இல்லாமல் முடக்கிவைக்கப்படும். தீர்ப்புச் சொல்லாமல் பொருளைப் பூட்டிவைப்பது தனக்குப் பாதுகாப்பு என்று நிறுவனம் கருதியது.

இந்தக் கொள்கையின் குறை அதன் எளிமையிலேயே இருந்தது. வணிகக் குறி வழக்கின் உயிர்நாடியான கேள்வி, வாங்குபவர் குழம்புவாரா என்பது. நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் அந்தக் கேள்வியையே கேட்கவில்லை. சரக்கு ஒன்றா வேறா, நாடு ஒன்றா வேறா என்று பார்க்கவும் இல்லை. சான்றிதழில் உள்ள எழுத்துகளும் டொமைன் பெயரின் எழுத்துகளும் ஒன்றாக இருந்தால் போதும். அதனால், நீதிமன்றத்தில் நின்றால் தோற்கக்கூடிய ஒரு நிறுவனம் வெறும் காகிதம் ஒன்றைக் காட்டிப் பிறர் பெயரை முடக்க முடிந்தது. நீதிமன்றத்தில் எளிதில் வெல்லக்கூடிய ஒரு நிறுவனமோ ஓரெழுத்து மாறியிருந்தால் இந்தக் கொள்கையால் ஒரு பயனும் அடைய முடியவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் இரண்டு ஆண்டுகளுக்கு 100 டாலர் என்று பதிவுக் கட்டணமும் வசூலிக்கத் தொடங்கிய பின், கட்டணம் வாங்கிக்கொண்டு பெயரைப் பறிக்கிறார்கள் என்ற முணுமுணுப்பும் சேர்ந்துகொண்டது.

நியூ மெக்சிகோவில் இணைய இணைப்பு வழங்கிவந்த ரோட்ரன்னர் கம்ப்யூட்டர் சிஸ்டம்ஸ் என்ற சிறு நிறுவனத்தின் கதை இந்தக் கொள்கையை அம்பலப்படுத்தியது. ரோட்ரன்னர் என்பது அந்த மாநிலத்தின் மாநிலப் பறவை. உள்ளூர்க்காரர்கள் தொழிலுக்கு வைக்கத்தக்க பெயர். ஆனால் கார்ட்டூன் படங்களில் ஓடும் அதே பறவையின் பெயரைப் பொம்மைகளுக்கு வணிகக் குறியாகப் பதிந்துவைத்திருந்த வார்னர் பிரதர்ஸ் சான்றிதழை நீட்ட, ரோட்ரன்னர்.காம் பெயருக்கு 30 நாள் கெடு விதிக்கப்பட்டது. அமெரிக்காவில் வணிகக் குறி பெற மாதக்கணக்கில் ஆகும். கொள்கையோ எந்த நாட்டுச் சான்றிதழையும் ஏற்றது. துனீசியாவில் சில நாள்களில் சான்றிதழ் தருகிறார்கள் என்பது கண்டறியப்பட்டது. நியூ மெக்சிகோவின் அந்தச் சிறு நிறுவனம் வட ஆப்பிரிக்காவில் ஒரு வணிகக் குறியைப் பதிந்துகொண்டு வந்து நின்றது. நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் அதையும் ஏற்காமல் போக, 1996-இல் அதன் மீதே வழக்குத் தொடரப்பட்டது. பெயர் முடக்கப்படாது என்ற நிலை வந்ததும் வழக்கு பொருளற்றுப் போய் முடிந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் திருத்தப்பட்ட கொள்கை, புகார் வருமுன் பெற்ற சான்றிதழே செல்லும் என்று துனீசியக் கதவை அடைத்தது. கொலராடோவில் க்ளூ.காம் பெயரை வைத்திருந்த ஒரு கணினி ஆலோசனை நிறுவனமும் க்ளூ என்ற பலகை விளையாட்டின் உரிமையாளரான ஹாஸ்ப்ரோவும் மோதிய வழக்கில், குழப்பத்துக்கு இடமில்லை என்று நீதிமன்றம் இறுதியில் சிறியவர் பக்கம் நின்றது. சட்டத்தின் பழைய கேள்வி கேட்கப்பட்ட இடத்தில் விடை பெரும்பாலும் நியாயமாகவே வந்தது.

மறுபக்கம், பெயர்களை விற்பதற்காகவே பதிந்தவர்களும் இருந்தனர். சைபர் ஸ்குவாட்டர் என்று அழைக்கப்பட்ட இவர்களை, புறம்போக்கில் குடிசை போட்டவரை எழுப்புவதுபோல் எழுப்ப முடியவில்லை. ஏனெனில் பட்டா அவர்கள் பெயரிலேயே இருந்தது. இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த டென்னிஸ் டோப்பன் டெல்டா ஏர்லைன்ஸ், எடி பாயர் முதலிய நிறுவனங்களின் பெயர்கள் உட்பட ஏறக்குறைய 240 டொமைன் பெயர்களைப் பதிந்துவைத்தார். திரைப்படக் கேமரா செய்யும் பானவிஷன் நிறுவனம் தன் பெயரைக் கேட்டபோது 13,000 டாலர் விலை சொன்ன அவர், பானவிஷன்.காம் தளத்தில் இல்லினாயில் உள்ள பானா என்ற ஊரின் வான்வழிப் படங்களை வைத்திருந்தார். குழப்பம் என்ற பழைய அளவுகோல் இங்கு உதவவில்லை. பானா ஊரின் படத்தைப் பார்ப்பவர் அதைக் கேமரா நிறுவனமென்று நினைக்கமாட்டார். அமெரிக்கா 1995-இல் இயற்றி 1996 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நீர்த்தல் தடுப்புச் சட்டம், அதாவது குழப்பமே இல்லாவிட்டாலும் புகழ்பெற்ற குறியின் தனித்தன்மை நீர்த்துப்போவதைத் தடுக்கும் சட்டம், கைகொடுத்தது. பெயரை உரியவருக்கே விற்பதுதான் டோப்பனின் தொழில் என்பதால் அதுவே வணிகப் பயன்பாடு என்று 1998 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜூலையில் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம், மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர், செயின்ஸ்பரி, விர்ஜின், பிரிட்டிஷ் டெலிகாம் முதலிய பெயர்களைப் பதிந்துவைத்த ஒன் இன் எ மில்லியன் நிறுவனத்தின் மீதான வழக்கில், இத்தகைய பெயரே மோசடிக்கான கருவி என்று கூறித் தடை விதித்தது.

இந்தியாவில் முதன்முதலில் பெரிதாகப் பேசப்பட்ட வழக்கு, 1999 பிப்ரவரியில் டில்லி உயர் நீதிமன்றம் முடிவுசெய்த யாகூ வழக்கு. யாகூஇந்தியா.காம் என்ற பெயரில் யாகூவைப் போன்றே சேவை தந்த எதிர்த்தரப்பினர், யாகூ என்பது அகராதியில் உள்ள சொல் என்றும் இந்தியாவில் அது பதிவாகவில்லை என்றும் வாதிட்டனர். பதிவு இல்லாவிட்டாலும், ஒருவர் தம் சரக்கை இன்னொருவருடையது என்று தோன்றும்படி விற்பதைத் தடுக்கும் பாசிங் ஆஃப் என்ற ஆங்கிலப் பொதுச்சட்டக் கோட்பாடு இங்குச் செல்லும் என்று நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. எங்களுக்கும் யாகூவுக்கும் தொடர்பில்லை என்று தளத்தில் எழுதிவைப்பது போதாது என்றும் கூறியது. குதிரைவண்டிக் காலத்து வணிகர்களுக்காக உருவான ஒரு கோட்பாடு இணையத்துக்கு இவ்வளவு எளிதாக வளைந்துகொடுத்தது, புதுச் சட்டம் உடனே வேண்டும் என்று குரல் எழுப்பியவர்களுக்கு ஒரு பதிலாகவும் அமைந்தது.

ஆனால் நாடு நாடாக வழக்காடுவது செலவும் காலமும் பிடிப்பது. இணைய நிர்வாகத்தைத் தனியார் அமைப்பொன்றிடம் ஒப்படைக்க முடிவுசெய்த அமெரிக்க அரசு 1998 ஜூனில் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில், டொமைன் பெயர்ப் பூசல்களுக்கு வழிகாட்டுமாறு ஜெனீவாவிலுள்ள உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பைக் கேட்டுக்கொண்டது. வைப்போ என்று சுருக்கி அழைக்கப்படும் அது ஐக்கிய நாடுகள் குடும்பத்தைச் சேர்ந்தது. வைப்போவின் இறுதி அறிக்கை 1999 ஏப்ரல் 30 அன்று வந்தது. கலிபோர்னியாவில் இலாப நோக்கற்ற நிறுவனமாகப் பதிவான ஐகான் அமைப்பு, அந்த அறிக்கையைத் தழுவி, யு.டி.ஆர்.பி. எனப்படும் ஒரே மாதிரியான பூசல் தீர்வுக் கொள்கையை அதே ஆண்டு ஆகஸ்டில் ஏற்று, அக்டோபரில் விதிகளை இறுதி செய்தது. இதன் நுட்பம் அதன் வழியில் இருந்தது. எந்த நாட்டு நாடாளுமன்றமும் இதை நிறைவேற்றவில்லை. எந்த உடன்படிக்கையிலும் நாடுகள் கையெழுத்திடவில்லை. .காம் பெயரை விற்கும் ஒவ்வொரு பதிவாளரும் ஐகானோடு செய்யும் ஒப்பந்தத்தில் இக்கொள்கை ஒரு நிபந்தனை; பெயரை வாங்கும் ஒவ்வொருவரும் பதிவாளரோடு செய்யும் ஒப்பந்தத்தில், படிக்காமல் ஏற்கும் பக்கங்களுக்கிடையே, அதே நிபந்தனை உண்டு. மதுரையில் பெயர் வாங்குபவரும் மாட்ரிடில் வாங்குபவரும் இவ்வாறு ஒரே சட்டத்துக்குள் வந்துவிடுகின்றனர்.

புகார் கொடுப்பவர் மூன்றை நிறுவ வேண்டும்: டொமைன் பெயர் தம் வணிகக் குறியோடு ஒத்தோ குழப்பும் அளவுக்கு நெருங்கியோ இருக்கிறது, வைத்திருப்பவருக்கு அதில் நியாயமான உரிமையோ நலனோ இல்லை, அது தீய நோக்கத்தோடு பதியப்பட்டு, தீய நோக்கத்தோடு பயன்படுத்தவும் படுகிறது. எல்லாம் எழுத்து வழியேதான். சாட்சி விசாரணை இல்லை. எதிர்த்தரப்புக்கு 20 நாள், நடுவருக்கு 14 நாள். நடுவர் பெயரை மாற்றித் தரவோ நீக்கவோ ஆணையிடலாம், இழப்பீடு தர முடியாது. தோற்றவர் 10 வேலைநாள்களுக்குள் நீதிமன்றம் சென்றால் ஆணை நிறுத்திவைக்கப்படும். முதல் தீர்ப்பு 2000 ஜனவரியில் உலக மல்யுத்தக் கூட்டமைப்பின் பெயர் பற்றி வந்தது. பெயரைப் பதிந்தவர் அடுத்த சில நாள்களிலேயே அதை 1,000 டாலருக்கு விற்க முன்வந்ததே அவருடைய தீய நோக்கத்துக்குச் சான்றாயிற்று. அடுத்த மாதமே, ஆஸ்திரேலியாவின் டெல்ஸ்ட்ரா நிறுவனம் தொடுத்த வழக்கில், பெயரைப் பதிந்துவிட்டு ஒன்றும் செய்யாமல் சும்மா வைத்திருப்பதும் சூழ்நிலையைப் பொறுத்துத் தீய பயன்பாடாகலாம் என்று நடுவர் முடிவுசெய்தார். முன்னுதாரணம் கட்டாயமில்லாத ஒரு முறையில், நடுவர்கள் ஒருவரையொருவர் மேற்கோள் காட்டி இப்படித் தமக்கென ஒரு சட்டத் தொகுதியையே கட்டியெழுப்பினர்.

இம்முறையின் வேகமும் மலிவும் உண்மை. இத்தகைய வழக்குகளை நடத்தும் மையங்களுள் ஒன்றான வைப்போவிடம் 2000-இல் 1,857 புகார்கள் வந்தன. 2023-இல் அந்த எண்ணிக்கை 6,000-ஐத் தாண்டியது. ஆனால் எந்த மையத்தில் வழக்கு நடக்க வேண்டும் என்பதைப் புகார் கொடுப்பவரே தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு தொடக்கத்திலிருந்தே ஐயத்துக்கு இடமளித்தது. கனடாவின் சட்டப் பேராசிரியர் மைக்கேல் கைஸ்ட் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், வைப்போவிலும் அமெரிக்காவின் தேசிய நடுவர் மன்றத்திலும் புகார் கொடுத்தவர்கள் 82 விழுக்காட்டுக்கு மேல் வென்றனர் என்றும், இரிசொல்யூஷன் என்ற கனடிய மையத்தில் அது ஏறக்குறைய 63 விழுக்காடுதான் என்றும் காட்டினார். வழக்குகள் தன்னை விட்டு விலகிச் செல்ல, இரிசொல்யூஷன் அந்த ஆண்டு இறுதியிலேயே கடையை மூடியது. வெற்றி விகிதம் உயர்ந்திருப்பதற்கு உண்மையான ஆக்கிரமிப்பாளர்கள் பலர் பதிலே தராமல் இருப்பதும் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. ஆயினும் நடுநிலையோடு இருந்ததால் வணிகம் இழக்கும் ஒரு நீதியமைப்பில், நடுநிலையைக் காப்பது யார் என்ற கேள்வி இன்றும் எஞ்சியிருக்கிறது. பார்சிலோனா.காம் பெயரை அந்நகர மாமன்றத்துக்கு நடுவர் தந்ததை, ஊர்ப்பெயர் பொதுவானது என்று 2003-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்க மறுத்தது; இப்படி நீதிமன்றம் வரை போக வசதியுள்ளவர் மிகச் சிலரே.

அமெரிக்க நாடாளுமன்றமும் சும்மா இருக்கவில்லை. 1999 நவம்பர் 29 அன்று கையெழுத்தான சைபர் ஸ்குவாட்டிங் தடுப்புச் சட்டம், ஒரு பெயருக்கு 1,000 முதல் 1,00,000 டாலர் வரை இழப்பீடு விதிக்க வழிசெய்தது. ஆள் அகப்படாவிட்டால் பெயரின் மீதே வழக்குத் தொடரவும் அனுமதித்தது. தற்செயலாக அதே நாளில் லாஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்றம் ஒன்று ஈடாய் என்ற ஐரோப்பியக் கலைஞர் குழுவுக்கு எதிராகத் தடை விதித்தது. அக்குழு 1995 முதல் ஈடாய்.காம் பெயரில் இயங்கிவந்தது. 1997-இல் தொடங்கப்பட்ட ஈடாய்ஸ் என்ற பொம்மை விற்பனை நிறுவனமோ, தன் தளத்தைத் தேடிவரும் குழந்தைகள் ஓரெழுத்தைத் தவறவிட்டால் கலைஞர்களின் தளத்துக்குப் போய்விடுகிறார்கள் என்று முறையிட்டது. பின்னால் வந்தவர் முன்னால் இருந்தவரை வெளியேற்றிய இந்த விசித்திரம் இணையவாசிகளைக் கொதிப்படையச் செய்தது. டாய்வார் என்ற பெயரில் கிளம்பிய எதிர்ப்பியக்கத்தால், கிறிஸ்துமஸ் விற்பனைக் காலத்தில் பெயர் கெட்ட நிறுவனம் 2000 ஜனவரியில் வழக்கைக் கைவிட்டது; 2001-இல் அதுவே திவாலானது. இதைவிட நீண்டது ஊஸி நிசான் என்பவரின் வழக்கு. தம் குடும்பப் பெயரில் 1994-இலேயே நிசான்.காம் பதிந்து கணினி வணிகம் நடத்திய அவர் மீது ஜப்பானிய கார் நிறுவனம் 1999-இல் 1 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தது. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் பெயர் அவரிடமே தங்கியது. கார் தொடர்பான விளம்பரங்களை வைப்பதற்கு மட்டும் தடை வந்தது. சொந்தப் பெயரைக் காக்கச் சொந்தப் பணத்தைக் கரைத்த அவர் 2020-இல் கொரோனாவால் இறந்தார்.

இந்திய உச்ச நீதிமன்றம் இந்தத் துறையில் தந்த முக்கியத் தீர்ப்பு சென்னையோடு தொடர்புடையது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, 1999 அக்டோபரில் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்ற முதல் இந்திய இணைய நிறுவனம் என்ற பெயரைப் பெற்ற சத்யம் இன்ஃபோவே, தன் பெயரின் கூறுகளை இணைத்து உருவாக்கிய சிஃபி என்ற சொல்லை முதலாகக் கொண்ட டொமைன் பெயர்களை அந்த ஆண்டு ஜூனில் பதிந்தது. 2001-இல் இணைய வழிச் சந்தைப்படுத்தலைத் தொடங்கிய சிஃபிநெட் சொல்யூஷன்ஸ் என்ற நிறுவனம், ஓரெழுத்து கூட்டிச் சிஃப்பிநெட் என்று பதிந்துகொண்டு, அது தன் ஐந்து பங்காளிகளின் முதலெழுத்துகளால் ஆனது என்று விளக்கியது. பெங்களூரு நகர உரிமையியல் நீதிமன்றம் தடை விதிக்க, கர்நாடக உயர் நீதிமன்றம் அதை நீக்க, வழக்கு டில்லிக்குச் சென்றது. 2004 மே 6 அன்று நீதிபதி ரூமா பால் எழுதிய தீர்ப்பு, முதலெழுத்து விளக்கத்தை நம்பாமல் தடையை மீட்டது. டொமைன் பெயர் வெறும் முகவரியாகத் தொடங்கினாலும் வணிகத்தை அடையாளம் காட்டும் குறியாக வளர்ந்துவிட்டது. இந்தியாவில் அதற்கென்று தனிச் சட்டம் இல்லாததால், 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டத்தின் வரம்புக்குள்ளேயே, பாசிங் ஆஃப் கோட்பாட்டின்படி அதைக் காக்கலாம் என்பது அதன் சாரம். வணிகக் குறிக்கு நாட்டின் எல்லை உண்டு, டொமைன் பெயருக்கு இல்லை என்ற வேறுபாட்டையும் தீர்ப்பு வெளிப்படையாகச் சுட்டியது. இருபதாண்டுகளுக்குப் பின்னும் தனிச் சட்டம் வரவில்லை. இந்திய நீதிமன்றங்கள் இன்றும் இத்தீர்ப்பையே மேற்கோள் காட்டுகின்றன.

இந்தியாவுக்குரிய .இன் பெயர்களை நிக்சி என்ற அமைப்பு 2005-இல் பொதுமக்களுக்குத் திறந்தபோது, முதல் சில வாரங்களை வணிகக் குறி உரிமையாளர்களுக்கென ஒதுக்கியது. சன்ரைஸ் என்று இத்துறையினர் சொல்லும் இந்த முன்னுரிமைக் காலத்தைச் சில ஆண்டுகள் முன்பு .இன்ஃபோ கையாண்டபோது, இல்லாத வணிகக் குறிக்குப் பொய் எண் எழுதிப் பெயர் வாங்கியவர்கள் ஏராளம். ஆயிரக்கணக்கான பெயர்களை மீட்க வேண்டியிருந்தது. .இன் பூசல்களுக்கென வகுக்கப்பட்ட கொள்கை யு.டி.ஆர்.பி.யைப் பெரிதும் பின்பற்றினாலும் ஓரிடத்தில் விலகுகிறது: தீய நோக்கத்தோடு பதிந்திருந்தாலோ பயன்படுத்தினாலோ, இரண்டில் ஒன்றே போதும். புகாரை இந்திய நடுவர் சட்டத்தின்படி நியமிக்கப்பட்ட தனி நடுவர் தீர்க்கிறார் என்பதால், ஆணைக்கு ஒரு சட்டப் பிடிமானமும் உண்டு.

2010 முதல் .இலங்கை, .இந்தியா, .சிங்கப்பூர் எனத் தமிழ் எழுத்திலேயே மேல்நிலைப் பெயர்கள் வந்தன. திரையில் தமிழாகத் தெரியும் பெயர், உள்ளே லத்தீன் எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு சங்கேதத் தொடராகவே சேமிக்கப்படுகிறது. இங்கே வணிகக் குறியின் நிலை இன்னும் சிக்கலானது. புதிய மேல்நிலைப் பெயர்களுக்காக 2013-இல் ஐகான் தொடங்கிய வணிகக் குறித் தொகுப்பகம், பதிவான குறியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்த பெயரைத்தான் அடையாளம் காணும். ஆங்கிலத்தில் மட்டும் பதிந்த நிறுவனத்தின் பெயரைத் தமிழில் எழுதி யாரேனும் பதிந்தால் அது எச்சரிக்காது. 1995-இன் எழுத்தொப்புமை விதி வேறொரு வேடத்தில் திரும்பியிருப்பதாகவே இதைக் கொள்ள வேண்டும்.

புள்ளிக்கு இடப்பக்கம் நடந்த பூசல் அந்தப் புதிய பெயர்களோடு வலப்பக்கத்துக்கும் தாவியது. ஒரு விண்ணப்பத்துக்கு 1,85,000 டாலர் என்ற கட்டணத்தையும் பொருட்படுத்தாமல் 2012-இல் 1,930 விண்ணப்பங்கள் குவிந்தன. ஆடை நிறுவனமான படகோனியா, அர்ஜென்டினாவும் சிலியும் எதிர்க்கவே தன் விண்ணப்பத்தை 2013-இல் விலக்கிக்கொண்டது. அமேசான் நிறுவனம் விலகவில்லை. ஆற்றின் பெயரும் காட்டின் பெயரும் ஒரு கடையின் தனியுடைமையாகக் கூடாது என்று பிரேசிலும் பெருவும் வாதிட, அரசுகளின் ஆலோசனைக் குழு எதிர்ப்புத் தெரிவிக்க, ஐகான் 2014-இல் விண்ணப்பத்தை நிராகரித்தது. எந்த நாட்டின் சட்டமும் ஆற்றின் பெயரை அந்த நாட்டுக்கு எழுதி வைக்கவில்லை என்பதும், நிறுவனத்திடமோ பல நாடுகளின் வணிகக் குறிச் சான்றிதழ்கள் இருந்தன என்பதும் அதன் வாதத்துக்கு வலுவூட்டின. சுயேச்சையான மறுஆய்வுக் குழு 2017-இல் நிறுவனத்தின் பக்கம் நின்றது. அமேசான் காட்டு நாடுகள் எட்டோடும் நடந்த பேச்சு உடன்பாட்டில் முடியாத நிலையிலேயே 2019-இல் ஐகான் இசைந்தது. பண்பாட்டோடு தொடர்புடைய சில பெயர்களை யாரும் பயன்படுத்தாதபடி தடுத்துவைக்க அந்நாடுகளுக்கு ஒரு வசதியை ஒப்பந்தத்தில் சேர்த்து, 2020-இல் .அமேசான் பெயர் இணையத்தின் வேர்ப் பதிவேட்டில் நிறுவனத்தின் பேரில் எழுதப்பட்டது.